தடிப்பு எழும்ப ஏன் இரண்டு நாள்?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாட்களில், காலை ஆறரைக்கெல்லாம் குடங்கள் வரிசை கட்டிவிடும். அப்படி ஒரு காலையில் பக்கத்து வீட்டு அக்கா தன் ஒன்பது வயது மகனை இழுத்துவந்து, அவனுடைய இடது முன்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். பால்பாயின்ட் பேனாவால் போட்ட ஒரு வட்டம். அதன் நடுவே சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, தொட்டால் கெட்டியாக ஒரு தடிப்பு.

பையனின் தாத்தாவுக்குக் காசநோய். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் உள்ளவர்களையும் பார்த்துவிட வேண்டும் என்று பையனுக்கு மேன்டூ டெஸ்ட், அதாவது காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் தோல் ஊசி, எடுத்திருக்கிறார்கள். "இன்னா தம்பி இது, ஊசி போட்ட அன்னிக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு இப்டித் தடிச்சிருக்கு. மருந்து ஒத்துக்கலியா?" என்றார். நான் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ரத்தச் செல்களை எண்ணும் வேலையில் இருப்பவன். அதனாலேயே தெருவுக்கு நான் அரை டாக்டர்.

"ஒத்துக்காம இல்லக்கா, அது அப்படித்தான் வரும்" என்று மட்டும் சொன்னேன். குடம் வைத்திருந்த இடத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. ஆனால் அக்காவின் கேள்வி சாதாரணமானது இல்லை. கொசு கடித்தால் சில நிமிடங்களில் தடிக்கிறது. தோலுக்குள் 0.1 மில்லி செலுத்திய டியூபர்குலினுக்கு, அதாவது காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதக் கலவைக்கு, மட்டும் 48 முதல் 72 மணி நேரம் ஏன் ஆகிறது? தொடங்கி வைப்பவை உதவி டி செல்கள். அவை ஓர் இடத்தில் காத்து நிற்பவை அல்ல. கூப்பிட்டால்தான் வரும். கூப்பிடும் குரல் காதில் விழ வேண்டுமென்றால் முதலில் அதற்கான காது இருக்க வேண்டும். அந்தக் காதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உதவி டி செல் என்பது சிடி4 என்ற புரதத்தை மேலே தாங்கிய வெள்ளையணு. எச்ஐவி சிகிச்சை எடுப்பவர்கள் 'சிடி4 கவுன்ட்' என்று சொல்வது இதன் எண்ணிக்கையைத்தான். ஆரோக்கியமான ஆளின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இருக்கும். இந்தச் செல் பெரும்பாலும் தானே கிருமியைக் கொல்வதில்லை. மற்ற செல்களை ஏவுகிறது. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். இன்டர்லூகின், இன்டர்ஃபெரான் எல்லாம் அந்தக் குடும்பம். செல்லின் மேற்பரப்பில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி. நான் காது என்று சொல்வது இந்த ஏற்பியை.

பாடப்புத்தகப் படங்களில் ஏற்பியை ஒரு பூட்டு மாதிரியும் சைட்டோகைனைச் சாவி மாதிரியும் வரைந்திருப்பார்கள். அந்தப் படம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. கதவில் பதித்த பூட்டு பதித்தபடியே கிடக்கும். ஏற்பி அப்படிக் கிடப்பதில்லை. வந்த செய்தியே அடுத்து எத்தனை காது முளைக்கும், எந்தக் காது உதிரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே ரத்தத்தில் ஒரே நேரத்தில் மிதக்கும் இரண்டு டி செல்களில் ஒன்றுக்கு ஒரு சைட்டோகைன் இடிமுழக்கம் போலக் கேட்கும், இன்னொன்றுக்கு அது காதிலேயே விழாது.

எடுத்த எடுப்பில் இன்டர்லூகின்-2. டி செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு பொருள் இருக்கிறது என்று 1976-ல் கண்டுபிடித்தார்கள், அதுதான் இது. இதன் ஏற்பி மூன்று துண்டுகளால் ஆனது. பீட்டா, காமா என்ற இரண்டு துண்டுகள் மட்டும் இருந்தாலும் செய்தி உள்ளே போகும், ஆனால் இன்டர்லூகின்-2 நிறைய இருக்க வேண்டும். மூன்றாவது துண்டான ஆல்ஃபா, அதாவது சிடி25, வந்து சேர்ந்தால் பிடிமானம் ஏறக்குறைய நூறு மடங்கு கூடும். இன்னும் எந்தக் கிருமியையும் பார்த்திராத புதுச் செல்லில் சிடி25 கிட்டத்தட்டக் கிடையாது.

கிருமியின் துணுக்கு ஒன்று தனக்குப் பொருந்துகிறது என்று தெரிந்ததும் செல் இரண்டு காரியம் செய்கிறது. இன்டர்லூகின்-2 சுரக்கிறது, சிடி25-ஐயும் மேலே கொண்டுவருகிறது. சுரந்தது திரும்பி வந்து அதே ஏற்பியில் உட்கார்ந்தால், ஸ்டாட்5 என்ற புரதம் செல்லின் கருவுக்குள் போய்ச் சிடி25-ன் மரபணுவை இன்னும் முடுக்குகிறது. கேட்கக் கேட்கக் காது பெரிதாகிறது. உள்ளே இழுக்கப்பட்ட ஏற்பியில் பீட்டாவும் காமாவும் சிதைக்கப்பட, ஆல்ஃபா மட்டும் மேற்பரப்புக்குத் திரும்பிவிடுகிறது. இதைச் செல்களை எண்ணும் மெஷினின் திரையில் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்பு வரவில்லை. ஊதா மூடி டியூபில் வந்த ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, தூண்டும் மணிகளோடு ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் சிடி25-ல் ஒட்டிக்கொண்டு ஒளிரும் ஆன்டிபாடி சேர்த்து ஓடவிட்டால், நேற்று இடது ஓரத்தில் சுருண்டு கிடந்த புள்ளிக்கூட்டம் அப்படியே வலப்பக்கம் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். நகர்ந்த தூரம் அவ்வளவும் சிடி25.

இப்படி இருப்பவனுக்கே மேலும் மேலும் என்று விட்டால் ஊர் தாங்குமா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு வகை டி செல், யாரும் தூண்டாமலே எப்போதும் நிறையச் சிடி25 வைத்திருக்கும். ஆனால் இன்டர்லூகின்-2 சுரக்க அதற்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் சுரப்பதை உறிஞ்சிக் காலி செய்வது அதன் வேலைகளில் ஒன்று. உறிஞ்சினால் பக்கத்துச் செல்லுக்குக் கிடைக்காது, கொதிப்பு அடங்கும். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் சிடி25-ஐ அடையாளமாக வைத்துத்தான் இந்த அடக்கும் செல்களைப் பிரித்துக் காட்டினார். 2025-ம் ஆண்டு மருத்துவ நோபல் அவருக்கும் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் போனது இந்த ஆராய்ச்சிக்குத்தான்.

சிறுநீரக மாற்று அறுவையின்போது போடும் பாசிலிக்சிமாப் என்ற ஊசி செய்வதும் இந்தச் சிடி25-ஐ மூடிவைப்பதுதான். புதிய சிறுநீரகத்தைப் பார்த்துக் கொதிக்கத் தொடங்கும் செல்லுக்கு இன்டர்லூகின்-2 சரியாகக் கேட்காமல் போகும்.

இனி இன்டர்லூகின்-7. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தெருவில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

சண்டை சச்சரவு இல்லாத நாட்களில் டி செல்கள் சும்மா உயிரோடு இருக்கவே இன்டர்லூகின்-7 வேண்டும். அதை டி செல்கள் சுரப்பதில்லை. நிணநீர்க் கணுக்களிலும் எலும்பு மஜ்ஜையிலும் சட்டம்போல நிற்கும் வேறு செல்கள் சுரக்கின்றன. செல்கள் பெருகிவிட்டன, கொஞ்சம் கூடச் சுரப்போம் என்று அவை கணக்குப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். லாரியில் உள்ள தண்ணீர் அவ்வளவுதான், தெருவில் குடம் எத்தனை இருந்தாலும்.

இங்கேயும் இன்டர்லூகின்-2-ன் கணக்கு நடந்தால் என்ன ஆகும்? முதலில் பிடித்தவர் இன்னும் இரண்டு குடம் கொண்டுவருவார், அப்புறம் டிரம்மை உருட்டிக்கொண்டு வருவார். பின்னால் நிற்பவர் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டியதுதான். இன்டர்லூகின்-7-ன் ஏற்பிக்கு நேர் எதிரான பழக்கம். அதன் ஆல்ஃபா துண்டுக்குச் சிடி127 என்று பெயர். இன்டர்லூகின்-7 வந்து உட்கார்ந்ததும் செல் அந்தத் துண்டைச் செய்வதையே குறைத்துக்கொள்கிறது. கிடைத்ததும் காதைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. சத்து தீர்ந்ததும் காது மறுபடி வளரும், மறுபடி வரிசைக்கு வரும். 2004-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் சிங்கரின் ஆய்வுக்குழு இதை விளக்கியபோது, இருக்கும் கொஞ்சத்தை வைத்து முடிந்த அளவு அதிகச் செல்கள் பிழைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொன்னது. இன்டர்லூகின்-2, 4, 6, 15 ஆகியவையும் சிடி127-ஐ இதே மாதிரி இறக்குகின்றன என்றும் காட்டியது. எங்காவது வயிறு நிறைந்த செல், லாரிக்குப் பின்னால் நிற்பதில்லை.

எங்கள் தெருவில் இந்த விதியை அமல்படுத்துவது எதிர்வீட்டு ஆயா. "புடிச்சவங்கல்லாம் தள்ளுங்கமா, அப்பால நில்லுங்க." டி செல்லுக்கு ஆயா தேவையில்லை.

வரிசையில் ஆள் குறைந்தால் தண்ணீர் மிஞ்சும் இல்லையா? உடம்பிலும் அப்படியே. எச்ஐவியாலோ, கடுமையான கீமோதெரபியாலோ டி செல்கள் குறைந்தவர்களின் ரத்தத்தில் இன்டர்லூகின்-7 ஏறிக் கிடக்கும். இருக்கும் சில செல்கள் அதைக் குடித்து மெல்லப் பெருகும்.

சிடி25 ஏறியும் சிடி127 இறங்கியும் இருக்கும் செல்களைத் தேடினால் சகாகுச்சியின் அந்த அடக்கும் செல்கள் பெரும்பாலும் கையில் சிக்கும். உயிரோடு பிரித்தெடுக்க ஆய்வகங்கள் 2006-க்குப் பிறகு இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டன. ஒரு செல் யார் என்று கேட்காமல், அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்று பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, காசநோய்க்கு வருவோம். வடசென்னையில் ஓட்டேரி என்றால் பெரியவர்கள் பலருக்கு இன்னும் 'டி.பி. ஆஸ்பத்திரி'தான் நினைவுக்கு வரும். காசநோய்க் கிருமி மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்லுக்குள் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செல்லைத் தட்டி எழுப்புவது இன்டர்ஃபெரான் காமா. அதை நிறையச் சுரக்கும் உதவி டி செல்களுக்கு டிஎச்1 என்று பெயர். இன்டர்லூகின்-4 சுரந்து, புழுக்களை எதிர்ப்பதிலும் ஒவ்வாமையிலும் இறங்கும் செல்கள் டிஎச்2. இந்த இரண்டு கட்சிகளை 1986-ல் மாஸ்மன், காஃப்மன் குழு எலிச் செல்களில் பிரித்துக் காட்டியது. பிறகு வேறு பல கட்சிகளும் வந்துவிட்டன, அவை இங்கே வேண்டாம்.

ஒரு புதுச் செல் எந்தப் பக்கம் போகும்? பாதியைக் காதுதான் முடிவு செய்கிறது. டிஎச்1 பக்கம் இழுக்கும் குரல் இன்டர்லூகின்-12. அதைக் கேட்க பீட்டா-1, பீட்டா-2 என்று இரண்டு துண்டுகள் கொண்ட ஏற்பி வேண்டும். இன்டர்ஃபெரான் காமா இருக்கும் இடத்தில் பீட்டா-2 நிலைக்கிறது. இன்டர்லூகின்-4 மேலோங்கிய இடத்தில் பீட்டா-2 உதிர்கிறது. உதிர்ந்தபின் பக்கத்தில் எவ்வளவு இன்டர்லூகின்-12 கொட்டினாலும் அந்தச் செல்லுக்குக் கேட்காது. எதிர்க்கட்சியின் மைக்கைப் பிடுங்குவதில்லை, தன் ஆட்களின் காதை எடுத்துவிடுவது. இன்டர்லூகின்-4 தன் ஏற்பியை மட்டும் கூட்டிக்கொள்ளும், அது வேறு.

டிஎச்1 செல்லின் இன்னொரு விசித்திரம். அது நாள் முழுக்க இன்டர்ஃபெரான் காமாவைக் கொட்டுகிறது, ஆனால் தனக்கே அது கேட்பதில்லை. அந்த ஏற்பியின் பீட்டா துண்டை இழந்துவிடுகிறது. எலிச் செல்களில் 1995-ல் இது தெரியவந்தபோது, துண்டை உதிரவைப்பதே இன்டர்ஃபெரான் காமாதான் என்றும் தெரிந்தது. காசிமேட்டில் கருவாடு காயவைக்கும் அம்மாவிடம் போய் வாடை அடிக்கவில்லையா என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார் அல்லவா, அதுபோல. மூக்கு பழகுவதும் செல் ஏற்பியை இழப்பதும் ஒரே வேலை இல்லைதான். ஆனால் காரணம் உறவுக்காரக் காரணம். இன்டர்ஃபெரான் காமா டி செல்களின் பெருக்கத்தை அடக்கக்கூடியது. அதைச் சுரப்பவனே கேட்டுக்கொண்டிருந்தால் தன் கட்சியையே சுருக்கிக்கொள்வான். கேட்கும் துண்டு மிச்சமிருக்கும் டிஎச்2 அடங்கிப்போகிறது.

இப்படி ஓர் ஏற்பி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சோதனை எலி தேவையில்லை. இன்டர்லூகின்-12 ஏற்பியின் பீட்டா-1 துண்டு பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உலகில் இருக்கிறார்கள். 1998-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு நோய் வெளிப்பட்ட வழிதான் மனதைப் பிசையும். பிறந்ததும் நம் எல்லோருக்கும் கையில் போடுகிற அதே பிசிஜி தடுப்பூசியின் வலுக்குறைந்த கிருமி, அவர்கள் உடம்பில் பரவியது. சால்மோனெல்லாவும் திரும்பத் திரும்ப வந்தது. மற்றத் தொற்றுகளை அவர்கள் ஓரளவு சமாளித்தார்கள். ஒரே ஒரு காது இல்லை, அதனால் ஓரிரு கிருமிக் குடும்பங்களுக்கு மட்டும் கதவு திறந்துகிடந்தது. இது மிக அரிதான குறை. பிசிஜி போட யாரும் பயப்பட வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே ஓர் ஆய்வு உண்டு. பக்கிங்ஹாம் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் ஓடும் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு யானைக்கால் நோயும் கியூலக்ஸ் கொசுவும் புதிதல்ல. யானைக்கால் புழு உடம்பில் இருந்தால் நோய் எதிர்ப்பு டிஎச்2 பக்கமும் அடக்கும் பக்கமும் சாயும். வெளியே தெரியாமல் காசநோய்க் கிருமியும் அதே ஆளிடம் இருந்தால்? சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு நிறுவனத்தில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களோடு சேர்ந்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. புழுவும் சேர்ந்து இருந்தவர்களின் டி செல்கள் காசநோய்க் கிருமியின் துணுக்குகளுக்கு மந்தமாகவே பதில் சொல்லின. சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற இரண்டு அடக்கும் ஏற்பிகளை ஆன்டிபாடியால் மறைத்தபோது அந்தப் பதில் எழும்பியது. புழுவுக்காக முளைத்த பிரேக், காசநோய்க் கிருமிக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எச்ஐவி இந்தக் காதுகளையே கதவாக்கிக்கொண்ட கதை. 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்ஐவி முதலில் பிடிபட்டது. அது செல்லுக்குள் நுழையச் சிடி4 மட்டும் போதாது, கூடவே சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 வேண்டும் என்று பத்து வருடம் கழித்து 1996-ல் தெரிந்தது. இவை இரண்டும் கீமோகைன்களின் ஏற்பிகள், செல்லை இங்கே வா என்று இழுக்கும் குரல்களுக்கான காதுகள். இன்டர்லூகின்-2 சிசிஆர்5-ஐ ஏற்றும். இன்டர்லூகின்-4, 7 இரண்டும் சிஎக்ஸ்சிஆர்4-ஐ ஏற்றும். உடம்பு தன் செல்களை உசுப்பும் அதே செய்தி, வைரசுக்கு வாசலையும் அகலப்படுத்துகிறது. மறுபக்கம், சிசிஎல்5 போன்ற கீமோகைன்கள் சிசிஆர்5-ல் உட்கார்ந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டால், வைரசுக்குப் பிடி கிடைக்காது.

இதில் மருந்தாளர்களுக்கு ஒரு நல்ல அடியும் விழுந்தது. கவுன்ட் குறைந்தவர்களுக்கு இன்டர்லூகின்-2-ஐ ஊசியாகக் கொடுத்தால் செல் கூடும், நோய் குறையும் என்று இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 2009-ல் முடிவு வந்தது. கவுன்ட் நன்றாகவே ஏறியது. ஆனால் வெறும் எச்ஐவி கூட்டுமருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிட நோயோ சாவோ குறையவில்லை. ஏறிய செல்களில் பெரும் பங்கு, சிடி25 ஏந்தி அடக்கும் செல்களின் அடையாளம் காட்டிய வகை. இன்டர்லூகின்-2-க்குப் பெரிய காது யாருக்கு இருந்ததோ அவர்களே குடித்துவிட்டார்கள். கவுன்ட் என்பது வரிசையில் எத்தனை குடம் என்றுதான் சொல்லும், யாருடைய குடம் என்று சொல்லாது.

பையனின் கைக்குத் திரும்பினால், அந்த இரண்டு நாள் எதற்கு என்று இப்போது ஓரளவு தெரியும். ஊசி போட்ட இடத்துக்கு முதலில் வந்து சேரும், காசநோய்க் கிருமியை முன்பே அறிந்த டி செல்கள் சொற்பம். அவை டியூபர்குலினை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமா சுரக்கின்றன. அதைக் கேட்ட அக்கம்பக்கச் செல்கள் சிஎக்ஸ்சிஎல்10 போன்ற கீமோகைன்களை விடுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் ஒட்டும் புரதங்களை மேலே நீட்டுகிறது. சிஎக்ஸ்சிஆர்3 என்ற காது உள்ள டிஎச்1 செல்களும், பின்னாலேயே மேக்ரோஃபேஜ்களும் குழாயை விட்டு இறங்கித் தோலில் கூடுகின்றன. ஒவ்வொரு படிக்கும் மரபணு திறந்து, புரதம் செய்து, மேலே கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும். கொசுக்கடிக்கு அவ்வளவு வேலை இல்லை. அங்கே தடிக்கவைக்கும் சரக்கு, தோலிலேயே இருக்கும் மாஸ்ட் செல்லில் ஏற்கெனவே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது, அவிழ்த்தால் போதும். நர்ஸ் ஸ்கேல் வைத்துச் சிவப்பை அளக்காமல் கெட்டியான தடிப்பை மட்டும் அளந்ததும் இதனால்தான். சிவப்பு ரத்தம், கெட்டி செல்கூட்டம். சிடி4 வெகுவாகக் குறைந்தவருக்குக் கிருமி உள்ளே இருந்தாலும் தடிப்பே வராமல் போகலாம்.

பையனுக்கு 14 மில்லிமீட்டர். 10 அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். இதற்கு நோய் என்று பொருளில்லை, அவன் செல்கள் அந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கலாம் என்று மட்டுமே பொருள். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. நோயாக மாறாமலிருக்கத் தடுப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் லாரி வந்தபோது பேனா வட்டம் குளியலில் அழிந்திருந்தது. தடிப்பு இருந்த இடத்தில் தோல் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. டியூபர்குலின் கரைந்துபோக, தூண்டுதல் நின்று, இன்டர்லூகின்-2 வற்றி, சிடி25 இறங்கி, கூடிய செல்களில் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும் நேரம் அது. சில பிழைக்கும். அவை சிடி127-ஐ மறுபடி முளைக்கவிட்டு, இன்டர்லூகின்-7-க்கான வரிசையில் போய் நின்றுகொள்ளும்.